ஆறாவது கட்டம்: குலதெய்வம்

மார்ச் 3, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. அவனியாபுரத்தில் கம்பெனி வேனைத் தவறவிட்டு, கப்பலூருக்கு இரண்டு பஸ் மாறி. இருபது நிமிடம் லேட்.

எம்.டி. கூப்பிட்டார். நம் ரப்பர் வாஷர்களை வாங்கப்போகும் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு கொள்கை கேட்கிறார்களாம். பணியிடத்தில் சமத்துவம், பன்மைத்துவம். வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும்.

"நெட்டுல கெடக்கும்மா ஜெயா. எடுத்து நம்ம கம்பெனி பேரப் போட்டுரு. அம்புட்டுதான்."

மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். ஆள் எடுப்பது, லீவு எழுதுவது, லெட்டர் அடிப்பது எல்லாம் நான் ஒருத்தி. இப்போது சமத்துவமும்.

நெட்டில் எடுத்தது பதினோரு பக்கம். இனம், நிறம், மதம், வயது, கர்ப்பம், மாற்றுத்திறன். குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊரில் ஒருவரை எப்படி விசாரிப்பார்கள் என்று மட்டும் எழுதியவருக்குத் தெரியாது.

நாளைக்கு:
1. பிரிண்டருக்கு மை.
2. பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள். நாலாவது தடவை சொல்கிறேன். சமத்துவத்தை அங்கேயே ஆரம்பிக்கலாம்.
3. பாலுக்கு உறை ஊற்றத் தயிர்.

மார்ச் 4, செவ்வாய்

குவாலிட்டி ரூமுக்கு ஓர் ஆள் வேண்டும். இன்டர்வியூவுக்கு வந்தது சங்கீதா, வயது 22, பேரையூர் பக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல். சூப்பர்வைசர் ராமர் அண்ணன் ஐந்து வாஷர்களையும் அளக்கிற கருவியையும் கொடுத்தார். மளமளவென்று அளந்து, ஒன்று தேறாது என்று தனியே எடுத்து வைத்தாள். அண்ணன் இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சரிதான்.

எம்.டி. விண்ணப்பத்தைப் புரட்டினார். ஆறாவது கட்டம் காலி.

"குலதெய்வம் எழுதலையே தாயி?"

"கம்மாக்கரைக் காளி சார்."

"அங்க பூசாரி யாரு?"

"எங்க பெரியப்பாதான் சார்."

முடிந்தது. சாதி என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. இரண்டே கேள்வி.

மாசி சிவராத்திரிக்கு எல்லாரும் குலசாமி கும்பிடப் போவார்கள், அதற்கு இரண்டு நாள் லீவு கொடுக்கத்தான் இந்தக் கட்டம் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னார். பொய்யும் இல்லை. லீவும் கொடுக்கிறார், ஆளையும் பிரிக்கிறார்.

அவள் வெளியே போனதும் ராமர் அண்ணன்: "கெட்டிக்காரப் பிள்ளதான் சார். ஆனா குவாலிட்டியில பொம்பளைங்க கொழம்பு, கூட்டு எல்லாம் மாத்தி மாத்திச் சாப்புடுதுங்க. நாளைக்கு ஒரு சங்கடம்னா?"

"பிசிறு வெட்டுற எடத்துல போடுங்கண்ணே. அங்க அவங்கவங்க தனியாத்தான சாப்புடுறாங்க."

டிப்ளமோ படித்தவள் பிளேடு வைத்து ரப்பர் பிசிறு வெட்டப் போகிறாள். இவர்கள் வீட்டுச் சாம்பாருக்காக.

அந்த ஆர்டரை டைப் அடித்தது நான்.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். அந்தக் குவாலிட்டி ரூமில்தான் ஒன்பது வருடமாக நானும் சாப்பிடுகிறேன். என் விண்ணப்பத்தின் ஆறாவது கட்டத்தில் இருப்பது என் சாமி இல்லை. ஹாஸ்டலில் கூட இருந்த சுதா வீட்டு அய்யனார். பூசாரி யார் என்பது வரைக்கும் அவளிடம் கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன். எங்கள் சாமியும் ஒரு காளிதான். சங்கீதா வீட்டு ஆட்களும் எங்கள் வீட்டு ஆட்களும் ஒன்றுதான்.

வருடா வருடம் சிவராத்திரிக்கு இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு டிவி பார்க்கிறேன். மூன்றாம் நாள், டவுன் கடையில் வாங்கிய திருநீற்றை இலையில் மடித்துக் கொண்டுபோய் எல்லாருக்கும் கொடுக்கிறேன். போன வாரமும் கொடுத்தேன். எம்.டி. கண்ணை மூடிப் பூசிக்கொண்டார். 

மார்ச் 5, புதன்

சங்கீதா வேலையில் சேர்ந்தாள். பிசிறு வெட்டும் இடத்தில் ஒரே ஃபேன், அதுவும் மூலையில். டீ நேரத்தில் என்னிடம் வந்து, "அக்கா, ஒங்களுக்கு எந்த ஊருக்கா?"

"மதுரைதான்."

சொந்த ஊரை மறைத்து வாய் தானாகச் சொல்கிறது. த்தூ.

மத்தியானம் பூரா கொள்கை. நெட்டில் எடுத்ததில் ஏழாம் பிரிவைத் தூக்கிவிட்டு நானே எழுதினேன். ஒரே மூச்சில்.

வேலைக்கு வருபவரிடம் கேட்கக் கூடாதவை: குலதெய்வம் எது. பூசாரி யார். ஊரில் எந்தத் தெரு. அந்த ஊரில் இன்னாரைத் தெரியுமா, அவர் உங்களுக்கு என்ன முறை. பொண்ணு எந்தப் பக்கம் எடுப்பீர்கள். கிறிஸ்தவர் என்றால், மாறுவதற்கு முன்னால் என்ன. விண்ணப்பத்தின் ஆறாவது கட்டம் நீக்கப்படுகிறது. திருவிழா லீவு வேண்டுமானால் தேதியை மட்டும் சொன்னால் போதும்.

இங்கிலீஷில் மாற்ற ஒரு மணி நேரம். "பூசாரி யார்" என்பதை வெள்ளைக்காரனுக்கு எப்படிப் புரியவைப்பது? அடிக்குறிப்பு போட்டேன். தலைவலி. 

மார்ச் 6, வியாழன்

எம்.டி. படித்தார். மற்றதெல்லாம் அருமையாம். ஏழில் சிவப்புப் பேனா.

"இது என்னம்மா? சாமியக் கேக்குறது குத்தமா?"

"கேட்டுட்டு என்ன செய்றோம்னுதான் சார் குத்தம். அந்தப் பிள்ளைய எதுக்குப் பிசிறு வெட்டப் போட்டோம்?"

"வெளிநாட்டுக்காரனுக்கு இதெல்லாம் தெரியுமா? நாமளே போயி காட்டிக்குடுக்கணுமா?"

வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. "சார், என் பாரத்துல இருக்கிறது எங்க சாமி இல்ல. சங்கீதா ஆளுகதான் நாங்களும்."

பேனாவை வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"யார்கிட்டயும் சொல்லிறாதம்மா. ஒம்பது வருசமா நல்லாத்தான இருக்க? நான் ஒன்னைய அப்பிடியா நெனச்சேன்?" குரலில் அம்புட்டுப் பாசம்.

நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திருப்பித் திட்டியிருப்பேன். என்னை மன்னித்துவிட்டாராம்! நான் என்ன திருடினேன், இவர் மன்னிக்க?

ஆனால் நான் சொன்னது: "சரி சார்."

பஸ்ஸில் வரும்போது "சரி சார்", "சரி சார்" என்று எனக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் பாத்திரத்தையெல்லாம் போட்டு உடைக்காத குறை.

மார்ச் 7, வெள்ளி

கொள்கை போய்விட்டது. ஏழாம் பிரிவு இப்போது: "எங்கள் நிறுவனம் ஒரே குடும்பம்." பொறுப்பு அலுவலர் என்று என் பெயர். கையெழுத்தும் போட்டேன். எல்லாருக்கும் லட்டு.

மத்தியானம் குவாலிட்டி ரூமுக்குப் போகக் கால் வரவில்லை. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பிசிறு வெட்டும் இடத்துக்குப் போனேன். சங்கீதா தனியாக, ஜன்னல் பக்கம். விரலில் பிளாஸ்திரி. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுதா வீட்டு அய்யனார், கடைத் திருநீறு, எம்.டி. சொன்னது, நான் "சரி சார்" சொன்னது. கையைப் பிடித்துக்கொள்வாள், அழுவாள் என்று ஒரு நினைப்பு எனக்கு.

சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"பாரத்தக் கையில குடுத்ததே நீங்கதானக்கா?"

"ஆமா."

"அரை மணி நேரம் வெளிய பெஞ்சுல ஒக்காந்திருந்தேன். நீங்க எதுத்தாப்புலதான் இருந்தீங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் வேற சாமி பேரச் சொல்லியிருப்பேன்ல?"

தோணலைம்மா என்றேன்.

தோன்றியது. பாரத்தைக் கொடுக்கும்போதே தோன்றியது; ஆறாவது கட்டத்தை அவள் காலியாக விட்டதைப் பார்த்தபோது இன்னும். இரண்டு பேர் பொய் சொன்னால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வோம் என்றும் தோன்றியது.