பத்து மடங்கு உயரம்

3 மார்ச் 2025, திங்கள்

சிங்கப்பூரில் இன்னும் கட்டாத கொண்டோமினியம் அடுக்குமாடிகளுக்கு மாதிரி செய்தே பதினாறு வருடம் ஓடிவிட்டது. இன்று பட்டறை முதலாளி மர்யம் அக்கா செவ்வாய் கிரகத்தையே கொண்டுவந்து என் மேசையில் போட்டார். ஒரு அறிவியல் கண்காட்சிக்காகவாம். பார்வையற்றவர்கள் கையால் தடவிப் பார்ப்பதற்கு இரண்டு மீட்டர் நீளத்தில் செவ்வாயின் மேடு பள்ளம். எட்டுப் பலகைகளாகக் குடைந்து ஒட்ட வேண்டும். மாதக் கடைசிக்குள்.

"நீச்சல் குளம் வேணாம், மரம் வேணாம். உனக்கு ஜாலிதான் லா," என்றார்.

ஒரு சென்டிமீட்டருக்கு நூறு கிலோமீட்டர் என்று கணக்கு. ஒலிம்பஸ் எரிமலையின் உயரம் சுமார் இருபத்திரண்டு கிலோமீட்டர். எவரெஸ்ட்டைப் போல இரண்டரை மடங்கு. அதுவே பலகையில் இரண்டு மில்லிமீட்டர்தான் வரும், விரலுக்குத் தெரியாது. அதனால் உயரத்தை மட்டும் பத்து மடங்கு கூட்டிக் குடைவோம். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஓரத்தில் மறக்காமல் எழுதிவிட வேண்டும்: உயரம் பத்து மடங்கு கூட்டப்பட்டுள்ளது. எழுதாவிட்டால் அது பொய்.

ரமணன் யீஷூனில் அவருடைய அம்மா வீட்டுக்குப் போய் இன்றோடு ஐந்து வாரம். கேட்பவர்களிடம் மாமியாருக்கு முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாமியார் தினமும் பூங்காவை மூன்று சுற்று நடக்கிறார்.

6 மார்ச், வியாழன்

ரமணனின் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் சந்திக்கலாமா என்று. என்ன உடுத்துவது என்று அரைமணி நேரம் அலமாரி முன் நின்றேன். சொந்தப் புருஷனைப் பார்க்கப் போவதற்கு. நாற்பத்தொரு வயதில்.

9 மார்ச், ஞாயிறு

சிராங்கூன் சாலையில் நடக்க இடமில்லை. துவாஸ், கிராஞ்சி விடுதிகளிலிருந்து வந்த ஊழியர்கள் வழியெங்கும் ஃபோனைத் தூக்கிப் பிடித்து, ஊரில் இருக்கும் மனைவியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சைன் பண்ணிடலாம், நிரஞ்சனா," என்றார்.

விவாகரத்துக்கு இப்போது ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சாட்டத் தேவையில்லையாம். ஏன் சேர்ந்து வாழ முடியவில்லை என்று இருவரும் ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் போதுமாம்.

"என்ன காரணம்னு எழுதறது?"

"நீயே எழுது. நான் ஒத்துக்கறேன்."

"வேற யாராச்சும் இருக்காங்களா?"

"சேச்சே, இல்ல."

"நான் ஏதாச்சும் செஞ்சுட்டேனா?"

"நீ ஒண்ணுமே செய்யல. ஒண்ணும் நடக்கல. அதான்."

அதான்னா? அதான்னா என்ன அர்த்தம்? பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டுல இருந்துட்டு, ஒண்ணும் நடக்கலையாம்! அதைச் சொல்லிக்கொண்டே தன் தேங்காய்ச் சட்னியை என் பக்கம் நகர்த்தி வைக்கிறார், எனக்குப் பிடிக்கும் என்று. காரணம் தெரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தோசையைத் தொடவில்லை.

12 மார்ச், புதன்

ஹெல்லஸ் பள்ளத்தைக் குடைகிறேன். இதுவரை செய்ததில் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஏறக்குறைய நானூறு கோடி வருடத்துக்கு முன் ஒரு பெரும்பாறை வந்து மோதியது, இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் விழுந்தது. யார் கேட்டாலும் விரலை வைத்துக் காட்டலாம், இங்கேதான் அடி விழுந்தது என்று.

எனக்கும் அப்படி ஒரு கல் வேண்டும். அவர் யாரையாவது விரும்பியிருக்கக் கூடாதா? ஒரு நாளாவது கத்தியிருக்கக் கூடாதா? எழுதியதைத் திரும்பப் படித்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

15 மார்ச், சனி

காரணம் எழுதிப் பார்த்தேன். 'என் பிறந்தநாட்களை மறந்துவிடுவார். உடம்பு முடியாதபோது கூட இருந்ததில்லை. என் வேலையை மதித்ததே இல்லை.' ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. படிக்கப் படிக்க, இப்படிப்பட்ட ஆளோடு எப்படிக் குடும்பம் நடத்தினேன் என்று ஆத்திரம் வந்தது. நன்றாக அழுதேன். அழுதது சுகமாகக்கூட இருந்தது.

19 மார்ச், புதன்

பெரிய தப்பு செய்துவிட்டேன். ஒலிம்பஸ் பலகையை ஏழு மணி நேரம் ஓட்டிவிட்டு குடையும் இயந்திரத்தைத் திறந்தால் மலையைக் காணோம். பத்து என்று போட வேண்டிய இடத்தில் ஒன்று என்றே விட்டிருக்கிறேன். உயரம் கூட்டவே இல்லை.

மர்யம் அக்கா பலகையைத் தூக்கிப் பார்த்தார். "என்ன இது, சப்பாத்தி தேய்க்கவா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்ல எல்லாம் ஓகே தானே?"

"ஓகே அக்கா. மாமியாருக்குத்தான் முழங்கால்…"

"அந்த முழங்கால் ரெண்டு மாசமா வலிக்குதே."

கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அவர் அதற்குள் புதுப் பலகையை மாட்டி, பத்து என்று தானே தட்டியிருந்தார். கெட்டுப்போனதை நான் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

20 மார்ச், வியாழன்

கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். முதலில் ஒன்றுமில்லை. நாலாவது ஐந்தாவது முறை, மிக மெதுவாக நகர்த்தியபோது, விரல் லேசாக ஏறியது.

உயரம் கூட்டாத நிஜ மலை இதுதான். அதன் மேல் நின்றால் மலைமேல் நிற்கிறோம் என்றே தெரியாதாம். அறுநூறு கிலோமீட்டர் அகலம், சரிவு அவ்வளவு சாதுவானது, ஓரம் அடிவானத்துக்கும் அப்பால் போய்விடும். பூமியில் தரைத்தட்டுகள் நகர்வதால் எரிமலைக் குழம்பு ஒவ்வொரு இடமாகக் கொட்டித் தனித்தனி மலைகள் ஆகும். செவ்வாயில் தரை அப்படி நகரவில்லை. ஒரே இடத்தில் கொட்டிக் கொட்டி, கோடிக்கணக்கான வருடம்.

சனிக்கிழமை எழுதியதை எடுத்தேன். பிறந்தநாளை மறந்தது ஒரே ஒரு தடவை, அன்று அவருடைய நண்பரின் இறுதிச் சடங்கு. எனக்கு டெங்கு வந்தபோது நான்கு நாள் லீவு போட்டார், ஐந்தாம் நாள் போக வேண்டியிருந்தது. என் வேலை? என் மாதிரிகளின் படங்களை ஃபோனில் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டுவார். நான் எல்லாவற்றையும் பத்து மடங்கு கூட்டியிருக்கிறேன், விரலுக்குத் தட்டுப்பட வேண்டுமே என்று. ஓரத்தில் எழுதவும் இல்லை.

கிழித்துப் போட்டேன்.

23 மார்ச், ஞாயிறு

மரினர் பள்ளத்தாக்கின் பலகை முடிந்தது. நாலாயிரம் கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் ஏழு கிலோமீட்டர் ஆழம். ஆறு அறுத்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லையாம். பக்கத்தில் தார்சிஸ் என்ற பெருமேடு உள்ளிருந்து உப்பியது. அதன் பாரம் தாங்காமல் சுற்றியிருந்த தரை இழுபட்டு விரிசல் விட்டது. அப்புறம் ஓரங்கள் சரிந்து சரிந்து அகலமானது. தண்ணீர் வந்ததெல்லாம் பிறகுதான்.

2018 ஆகஸ்ட். இனிமேல் குழந்தைக்கு முயல வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். பஸ்ஸில் நாங்கள் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்ன சாப்பிடலாம் என்று கேட்டேன். எது வேணும்னாலும் என்றார். நான் அழுதால் அவர் உடைந்துவிடுவார் என்று நான் அழவில்லை. அவரும் அப்படித்தான் அடக்கியிருப்பார். அதற்கப்புறம் எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. ஏழு வருடம்! எங்களைப் போல உண்டா என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். இருவரும் அவ்வளவு மரியாதையாக இருந்தோம்.

ஒண்ணும் நடக்கல, அதான். அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அதுதான் வலிக்கிறது.

28 மார்ச், வெள்ளி

செவ்வாய் கண்காட்சிக்குப் போய்விட்டது. பட்டறையில் தூசி மட்டும்.

30 மார்ச், ஞாயிறு

நாலே வரி எழுதினேன். 'எங்கள் துக்கத்தைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொள்ளவில்லை. ஒருவரையொருவர் நோகடிக்கக் கூடாது என்றே விலகிப்போனோம். இதில் இருவருக்கும் பங்கு உண்டு. யாரும் கெட்டவர் இல்லை.'

சேர்ந்து வாழ என்ன முயற்சி எடுத்தீர்கள் என்றும் எழுத வேண்டும். என்ன எழுதுவது? தினமும் சாப்பிட்டீங்களா என்று கேட்டோம் என்றா?

3 ஏப்ரல், வியாழன்

வக்கீல் அலுவலகம் சிராங்கூன் சாலையில், ஒரு நகைக்கடைக்கு மேல். தாலி எடுத்ததும் அதே வரிசையில்தான். இருவரும் கடைப் பக்கம் திரும்பாமலேயே படியேறினோம். ரமணன் நான் எழுதியதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டாக்டர் சொன்ன அன்னைக்கே நீ இதைப் பேசியிருக்கலாம் லா."

"நீங்களும் பேசியிருக்கலாம்."

"ஆமா," என்றார். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

மிச்சமிருந்த ஒரு பெட்டியை எடுக்க வீட்டுக்கு வந்தார். செருப்பு அலமாரி மேல் கிடந்த பலகையைப் பார்த்து, "என்ன இது, காலிப் பலகை?" என்றார்.

"காலி இல்ல. மலை இருக்கு. கண்ணை மூடிட்டுத் தடவுங்க."

மூடினார். விரல்கள் அங்குமிங்கும் போயின.

"இங்கயா?"

"கொஞ்சம் இடது பக்கம். மெதுவா."

நெடுநேரம் நின்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று.

"ஆமா," என்றார், கண்ணைத் திறக்காமலே. "இருக்கு."

போகாதீங்க என்று வாய்வரை வந்தது. "பார்த்துப் போங்க," என்றேன்.

தலையாட்டிவிட்டு, வீட்டுச் சாவியைப் பலகையின் மேலேயே வைத்துவிட்டுப் போனார். லிஃப்ட் இறங்கும் சத்தம் நிற்கும்வரை கதவருகே நின்றேன். திரும்பி வந்து பார்த்தால், சாவியின் ஒரு முனை மட்டும் மலைமேல் ஏறிக் கொஞ்சம் தூக்கி நிற்கிறது. இன்னும் எடுக்கவில்லை.