ஆலிவ் ஜாடி காலியாகும் முன்

அக்குயிலேயா

அன்புள்ள டெர்ட்டியஸ் அவர்களுக்கு, ஹெரென்னியா எழுதிக்கொள்வது. நானும் பிள்ளைகளும் சுகம். மலைக்கு வடக்கே கர்னுண்டம் ரோமப் படைமுகாமில் உங்கள் மது வியாபாரம் எப்படி? அங்கே குளிர் கடுமை என்கிறார்கள். கம்பளியை மடித்து அழகு பார்க்காமல் போர்த்திக்கொள்ளுங்கள்.

நீலக் கண்ணாடிக் கோப்பை ஒன்றைச் சின்னவள் உடைத்துவிட்டாள். தெருவில் வந்த, அடுப்பு மூட்டும் கந்தகக் குச்சி விற்பவன் சில்லுகளை எடுத்துக்கொண்டு ஒரு கட்டுக் குச்சி தந்தான். மற்றக் கோப்பைகளைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

உங்கள் அப்பாவுக்குக் கால் வீக்கம் இடுப்புவரை ஏறிவிட்டது. வைத்தியர் உதட்டைப் பிதுக்குகிறார். போன மாதம் மாமா, ஆலிவ் ஊறும் பெரிய கண்ணாடி ஜாடியைத் தன் கட்டிலுக்கு எதிரே வைக்கச் சொன்னார். "இது காலியானதும் நல்லாக் கழுவி வை, அம்மாடி. என்னை எரிச்ச சாம்பலை இதுலதான் போடணும். மண்பானையில போட்டா உள்ள இருக்கிறது நானா, அடுப்புச் சாம்பலான்னு எவனுக்குத் தெரியும்?" என்றார். ஊரில் பலரும் செய்வதுதான். எதிர்வீட்டுக்காரர் மீன் ஊறுகாய் ஜாடியில்தான் போனார்.

உங்கள் பேச்சை எடுத்தால், "அவனுக்கு வியாபாரம்தானே பெருசு! வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்" என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, மலைப்பாதையில் பனி உருகிவிட்டதா என்று கழுதைக்காரர்களிடம் விசாரித்துவரச் சொல்கிறார்.

வேளைக்கு நாலு ஆலிவ் சாப்பிடுகிறார். கண்ணாடியாயிற்றே, எவ்வளவு மிச்சம் என்று படுத்தபடியே பார்க்கிறார். ஜாடியில் குறையக் குறைய அவர் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. அதனால் மதியம் அவர் கண்ணயரும்போது, சமையற்கட்டுப் பானையில் ஊறும் ஆலிவை அள்ளி ஜாடியில் போட ஆரம்பித்தேன்.

நேற்று ஒன்றை மென்றுவிட்டு, "இது இந்த வருஷத்துக் காயாச்சே, இன்னும் கசப்பு போகல" என்றார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாளைக்குக் கொஞ்சம் கூடவே போடு" என்றார். நான் சமையற்கட்டுக்குப் போய் அழுதேன்.

பானை தீர்ந்தால் கடையில் வாங்கிப் போடுவேன், அது ஒரு பிரச்சினை இல்லை. ஆனால் வீக்கம் நெஞ்சுக்கு ஏறினால் நான் எதைப் போட்டு நிறுத்துவேன்? சரக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் புறப்படுங்கள். வழியெல்லாம் தெய்வங்கள் துணையிருக்கட்டும். அவர் வாய்விட்டுக் கூப்பிட மாட்டார். அதனால் நான் கூப்பிடுகிறேன்.

உங்கள்
ஹெரென்னியா