அப்பாவுக்குக் கரடித்தோல்காரன்

மஹேஷ்,

அப்பா நாலு மணிக்கு வருகிறார். கிழக்கேகோட்டையிலிருந்து பஸ். லிஃப்ட் இன்னும் ரிப்பேர்தான், அதனால் நீயே கீழே போய் அழைத்து வா. அடை மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அவர் காபிக்குச் சர்க்கரை போடாதே.

அந்தச் சண்டை வீடியோ கேமை மறுபடி ஆட வேண்டுமாம் அவருக்கு. போன தடவை மாதிரி வாள்காரியைக் கொடுக்காதே. அவளை வைத்து ஒரு அடி அடிக்க ஆறு பட்டன் தட்ட வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுக்கும் திரையில் கடைசி வரிசையில் கரடித்தோல் போர்த்திய தடியன் இருக்கிறான், அவனைக் கொடு. மெதுவாகத்தான் நகர்வான். ஆனால் ஒரே பட்டனில் பலமாக அடிப்பான், நாலு அடி வாங்கினாலும் சீக்கிரம் விழ மாட்டான். புதிதாக ஆடுபவருக்கு அவன்தான் சரி.

எட்டு ரவுண்டும் ஜெயித்துவிட்டு நீ சிரித்தாயே, அதற்கு நான் கத்தியது கத்தியதுதான். ஆனால் அவர் தோற்றதற்குப் பட்டன் மட்டும் காரணமில்லை. நேற்று போனில் கேட்டேன்.

"மாப்ளையை அடிக்கப்படாதுடீ, கேட்டயா. அதான் தடுத்துண்டே இருந்தேன்" என்றார்.

எட்டு ரவுண்டும்!

அதனால் ஆரம்பிக்கும் முன் நீயே வாய் திறந்து, "அடிங்கோ, மாமா" என்று சொல். நீ சொன்னால்தான் அடிப்பார். வேண்டுமென்றே தோற்காதே, கண்டுபிடித்துவிடுவார்.

ஜானவி

பி.கு.: ஆறு மணிக்கு வந்துவிடுவேன். வாள்காரி எனக்கு. உன்னை அடிக்க எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.