மண்ணுக்கும் சேர்த்து ஒரு பிரீமியம்

ஐப்பசி 14, செவ்வாய்

வீட்டுக் காப்பீட்டுக்கு ஏஜெண்ட் வந்திருந்தார். பூதப்பாண்டியில் சென்ட் என்ன விலை போகிறது என்று நான் பெருமையாக அளந்தேன். அவரும் மனையையும் வீட்டையும் சேர்த்து எண்பது லட்சத்துக்குப் பிரீமியம் சொன்னார். நியாயமாகத்தான் பட்டது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

அடுக்களையிலிருந்து மனைவி சாந்தி வந்தாள். "வெள்ளம் வந்தா வீடு இடியும். மண்ணு எங்க போவும் தம்பி? திருப்பிக் கெட்டுற செலவுக்கு மட்டும் போடுங்க." கம்பி, சிமெண்ட், கொத்தனார் கூலி என்று இன்றைய விலையை மடமடவென்று சொன்னாள். பிரீமியம் பாதிக்கும் கீழே இறங்கியது. கெட்டிக்காரி!

ஏஜெண்ட் போனதும், "ஒனக்கு இதெல்லாம் எப்பிடிட்டி தெரியும்?" என்றேன்.

"வீடு கெட்டும்போ நீங்க துபாயிலல்லா கெடந்திய. கூடநின்னு கெட்டுனது ஆராம்?"

பால் காய்ச்சுக்கு வந்தபோதுதான் இந்த வீட்டையே நான் முதலில் பார்த்தேன்.