ரவைப் போத்தலுக்குப் பின்னால் இருந்த கசாயம்

ஒக்டோபர் 28, செவ்வாய்

கந்தசஷ்டி விரதம் முடிந்து இன்று பாறணை. ஆறு நாளும் வெறும் தண்ணீரோடு கிடந்த பாமாவுக்கு ஹோம்புஷ் கடையில் மரக்கறிச் சோறு வாங்கிவந்து கொடுத்தேன். ஒரு வாய் வைத்ததும் சத்தி எடுத்தாள். விரதத்தின் நடுவிலேயே காய்ச்சல் தொடங்கிவிட்டது. விரதத்தை விடச் சொன்னால் கேட்கிற ஆளா? பனடோலும், சளிக்கென்று சுடுதண்ணீரில் கரைக்கிற தடிமன் பவுடருமாகச் சமாளித்தோம். குளிசை விழுங்கினால் விரதம் முறியாது என்பது அவள் வைத்த சட்டம்.

காரைப் பூட்டினேனா என்று பார்க்க இரண்டாம் தரம் கீழே போனேன். "சந்தேகப் பிராணி" என்றாள் படுத்தபடியே. கலியாணம் கட்டிய முப்பது வருடமாக எனக்கு அதுதான் பெயர்.

ஒக்டோபர் 30

பாமா ஐசியுவில்.

காலையில் கண் இரண்டும் மஞ்சள். என்னைப் பார்த்து, "அண்ணை எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டாள். அவளுடைய அண்ணன் இறந்து எவ்வளவு காலம். அம்புலன்ஸுக்கு அடித்தேன்.

ஈரல் பழுதாகிக்கொண்டு போகிறதாம். ஐசியு டொக்டர் தமிழர், மதுரைக்காரர், வெங்கட்ராமன். வீட்டில் என்ன மருந்து எடுத்தவ என்று கேட்டார்.

"ஒண்டும் இல்லை டொக்டர். பிரஷருக்குக்கூட இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். நாட்டு மருந்து, மூலிகை, எதாவது?"

அப்போதுதான் நினைவு வந்தது. முழங்கால் வலிக்கென்று பாமா ஒரு சீன டொக்டரிடம் அக்குபங்சர் ஊசி குத்திக்கொள்ளவும் கசாயம் வாங்கவும் போகிறவள். மிஸிஸ் லின், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். நான் இரண்டு தரம் நக்கல் அடித்த பிறகு என் முன்னால் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. வீட்டுக்கு ஓடிவந்து குசினி அலுமாரியைக் கிளறினேன். ரவைப் போத்தலுக்குப் பின்னால் இருந்தது. சின்னச் சின்னப் பைகளில் அடைத்த கறுப்புக் கசாயம். நல்லது என்றால் ஏன் ரவைக்குப் பின்னால் ஒளித்து வைக்கவேண்டும்?

பையோடு கொண்டுபோய் டொக்டரிடம் கொடுத்தேன். ஆய்வுக்கு அனுப்புகிறேன் என்றார். கனடாவில் இருக்கும் தங்கச்சி யோகாவுக்கு ரெலிபோன் எடுத்து, சீனத்தி என்ரை மனிசியைக் கொன்றுபோட்டாள் என்று அழுதேன். கோயில் ஆட்கள் இரண்டு பேருக்கும் சொன்னேன். ஒரு சனமும் இனி அங்கே போகக்கூடாது.

ஒக்டோபர் 31

அந்த மனுஷி ஐசியுவுக்கே வந்து நிற்கிறாள்! கூப்பிட்டது என் மகள் தர்ஷனா.

"அப்பா, அம்மாக்கு அவவைப் பிடிக்கும். பக்கத்தில இருந்தா அம்மாக்கு நல்லா இருக்கும். ப்ளீஸ், சீன் போடாதேங்கோ."

"உன்ரை அம்மாவை இந்தக் கட்டில்ல கிடத்தினதே அவதான்."

"யூ டோன்ட் நோ தாட்."

ஐம்பது வயது இருக்கும். சிரிப்பே இல்லாத முகம், உடுப்பில் எரிந்த மூலிகை மணம், கையில் ஒரு துணிப்பை. நான் அந்தப் பையிலேயே கண்ணாக இருந்தேன். மூக்கால் வயிற்றுக்குப் போகிற குழாயில் எதையாவது ஊற்றிவிட்டால்? இவர்கள் ஊசியை எந்த மடிப்புக்குள் வைத்திருப்பார்கள்? அவள் கழுவறைக்குப் போன நேரம் பையை எட்டிப் பார்த்தேன். ஒரு தோடம்பழமும் மூக்குக்கண்ணாடிக் கூடும் இருந்தன.

ஊசி வேண்டாம், ஈரல் பழுதாகி இரத்தம் உறையாத ஆளுக்கு ஊசி போடக்கூடாது என்று டொக்டர் சொல்வதற்கு முன்னமே அவள் சொன்னாள். கசாயமும் கூடாதாம். மணிக்கட்டில் ஓர் இடத்தை விரலால் அழுத்தினால் குமட்டலுக்குச் சுகமாக இருக்கும், அதற்கு அனுமதி உண்டா என்று கேட்டாள். தோல் கன்றாமல் மெதுவாகச் செய்யலாம் என்று டொக்டர் விட்டுவிட்டார். இங்கே சீன வைத்தியர்களும் பதிவு செய்துதான் தொழில் பார்க்கிறார்களாம். பதிவு இருந்தால் எல்லாம் சரியா? என்ன அடக்கமான நடிப்பு. மாட்டுப்பட்டவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

போகும்போது என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: காய்ச்சல் என்று கேள்விப்பட்ட அன்றே கசாயத்தை நிறுத்தச் சொன்னேன், சாப்பிடாமல் இருக்கவேண்டாம் என்றும் சொன்னேன். நிறுத்தினாளா இல்லையா என்று பாமா எழும்பியா சாட்சி சொல்லப்போகிறாள்?

நவம்பர் 1

வேறு ஒருவருடைய ஈரலை வைப்பது பற்றி இன்று பேசினார்கள். கந்தா, என்னிடம் கேட்காமல் இவளுக்கு ஒன்றும் செய்துவிடாதே.

நவம்பர் 2, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும்.

விடிய எழும்பியதும் தலையிடி. பாமாவின் கட்டில் பக்கத்து லாச்சியைத் திறந்து பனடோல் தேடினேன். வெறும் அட்டைகள். எல்லாக் குழியும் உடைந்த அட்டைகள். நான் காலையும் பின்னேரமும் இரவும் கொடுத்தது குசினிப் பெட்டியில் இருந்து. அப்படியானால் இவை? நான் வேலைக்குப் போன நேரமெல்லாம் தானாகவும் போட்டிருக்கிறாள். குப்பை வாளியில் தடிமன் பவுடர்க் கடதாசிகள். ஒன்றை எடுத்து வாசித்தேன். உள்ளே இருப்பதும் பனடோலில் உள்ள அதே பரசிற்றமோல்தான்.

டொக்டர் கேட்டாரே, என்ன மருந்து எடுத்தவ என்று. ஒண்டும் இல்லை என்றேனே. பொய் சொல்லவில்லை. பனடோலை எங்கள் வீட்டில் யார் மருந்து என்று சொல்கிறார்கள்? தலையிடிக்குப் பனடோல், உளைவுக்குப் பனடோல், நித்திரை வராவிட்டால் பனடோல். பிளேன் ரீயை மருந்து என்று யாரும் சொல்வார்களா?

கையில் இருந்த குளிசையை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். வழி முழுக்க ஒரு கேவலமான யோசனை – சொல்லாவிட்டால் என்ன? கசாயத்தின் தலையில் பழி கிடக்கிறது, கிடக்கட்டுமே. நான் கொடுத்தது என்று தர்ஷனாவுக்கு ஏன் தெரியவேண்டும்? சீ. கட்டிலில் கிடக்கிறது என் பாமா.

அட்டைகளையும் கடதாசிகளையும் டொக்டரின் மேசையில் கொட்டினேன். அவர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"எத்தனை சார்?"

"தெரியாது. நானும் குடுத்தன், அவவும் போட்டிருக்கிறா. ஆளுக்காள் சொல்லவில்லை."

"ஆறு நாள் சாப்பிடவும் இல்லை?"

"ஓம்."

வந்த அன்றே இரத்தத்தில் பரசிற்றமோல் இருக்கிறதா என்று பார்த்தார்களாம். கொஞ்சம்தான் இருந்ததாம். நாள் போனால் இரத்தத்தில் குறைந்துவிடும், ஈரலில் செய்த வேலை மட்டும் மிஞ்சும் என்றார். வெறும் வயிற்றில் அது இன்னும் மோசமாம். எதற்கும் இருக்கட்டும் என்று அதற்குரிய மாற்று மருந்தைச் சேலைனில் விட்டுக்கொண்டு இருந்தவர்கள், என் கசாயக் கதையைக் கேட்டு இன்றோடு நிறுத்தலாமா என்று யோசித்தார்களாம்.

"நிறுத்த மாட்டோம். காரணம் இதுன்னா ஈரல் தானா திரும்பி வர வாய்ப்பு அதிகம். ஆபரேஷனுக்கு அவசரப்பட வேண்டாம், பார்ப்போம். ஆனா சார், முதல் நாளே இதைச் சொல்லியிருந்தா..."

அவர் முடிக்கவில்லை. முடித்திருந்தால் நல்லது.

வெளியே தர்ஷனா கதிரையில் இருந்தாள். சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "எனக்கும் சின்னனில இருந்து அதுதானே அப்பா தந்தனீங்கள்" என்று சொல்லி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

நவம்பர் 3

மாற்றம் இல்லை. லின் வந்தாள். பாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். என்னால் உள்ளே போக முடியவில்லை.

நவம்பர் 4

இரத்தப் பரிசோதனை ஒரு படி நல்லதாம். ஒரு படியை நம்பலாமா?

நவம்பர் 5

இன்னும் ஒரு படி. கசாயத்தின் ஆய்வும் வந்தது. ஈரலைக் கெடுக்கிற எதுவும் இல்லை. ஆய்வு சரியாகச் செய்தார்களா என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

யோகாவுக்கு எடுத்து உண்மையைச் சொன்னேன். "அப்ப அந்தச் சீன மனிசியிட்டச் சொன்னனியோ?" என்றாள். இல்லை.

நவம்பர் 9

பாமா கதைத்தாள். முதல் கேள்வி: "கார் பூட்டினனீங்களே?"

பிறகு, யாரோ தன் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது, குமட்டல் குறைந்தது, அது நீங்களோ என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"லின்" என்றேன். கசாயம் எப்போது நிறுத்தினாய் என்றும் கேட்டேன்.

"காய்ச்சல் வந்த அண்டே. ரவைக்குப் பின்னால வைச்சனான். ஏன்?"

டிசம்பர் 16

பாமா வீட்டில். மெலிந்து போனாள், ஆனால் சண்டை பிடிக்கிறாள். வருகிற வருடம் சஷ்டிக்குப் பால் பழம் சாப்பிடச் சம்மதித்திருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்கவென்றுதான் லின்னிடம் போனேன். கோயில் ஆட்களுக்கு நான் சொன்னது அவளுக்கு எட்டியிருக்கிறது. மூன்று தமிழர்கள் வராமல் விட்டார்களாம். சொன்னவர்களிடமே திரும்பப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, தலையிடியா என்று கேட்டாள். இருந்தது. கதிரையைக் காட்டினாள்.

ஊசியில் எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. பைக்கற்றைப் புதிதாக உடைக்கிறாளா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் கையைப் பிடித்து நாடி பார்த்தபடி, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்: ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?

"பனடோல்" என்றேன்.