நீ உலையில் ஏற்றிவிட்டுப் போன எஃகு

என் நூருவுக்கு,

நீ உலையில் ஏற்றிவிட்டுப் போன எஃகுத் துண்டு போன வாரம் அறுந்தது. முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். சொல்ல வேறு யாரும் இல்லை என்பதும் உண்மை.

நீ இறந்த சில நாட்களிலேயே நம் ஆய்வகத் தலைவர் வந்து நின்றார். "மெஷின் வேணும் மேடம். டெஸ்ட் போட்டவங்களே இல்ல. நிறுத்திடலாமே?"

"அது இன்னும் உடையல சார். உடையற வரைக்கும் ஓடட்டும்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் விட்டுவிட்டார். அதன்பிறகு தினமும் காலையில் பையைக்கூட வைக்காமல் உலையருகே போய் நிற்பேன். எடையைத் தாங்கிக்கொண்டு, அந்தச் சூட்டில், உன் துண்டு மயிரிழைக்கும் குறைவாக நீண்டுகொண்டிருக்கும். உன் நாற்காலியில் யாரோ பிரிண்டர் காகிதக் கட்டுகளை அடுக்கியிருக்கிறார்கள். நான் எடுக்கச் சொல்லவில்லை.

கேம்ப் ரோடு நெரிசலில் ஸ்கூட்டரை ஓட்டியபடியே நீ என்னோடு போட்ட சண்டை ஞாபகமிருக்கிறதா? எஃகுக்கு வலுவூட்ட அதற்குள் மிக நுண்ணிய ஆக்சைடு துகள்களைக் கலந்திருந்தோம். கடும் சூட்டில் எஃகு இழுபடும்போது, அணு வரிசையில் உள்ள பிசகுகள் கோடுகோடாக நகரும். வழியில் துகள் வந்தால் கோடு தடைப்படும். பிறகு மெல்ல அதன்மேல் ஏறித் தாண்டும். அந்த ஏற்றம்தான் கடினம் என்பது என் கட்சி.

"ஏறுறது பெரிய விஷயமில்லக்கா" என்றாய், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தி. "தாண்டின அப்புறம் அந்தத் துகளை விட்டு வர முடியாது. அங்கதான் மாட்டும்."

"எப்படித் தெரியும்?"

"துண்டு உடையட்டும். காட்டுறேன்."

காட்டுவதற்குள் காய்ச்சல் என்று படுத்தாய். எழுந்திருக்கவில்லை.

உடைந்த துண்டிலிருந்து மெல்லிய தகடு வெட்டி, தேய்த்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நானே வைத்துப் பார்த்தேன். கோடுகள் துகள்களைத் தாண்டியிருந்தன. அவற்றின் வளைவே அதைச் சொன்னது. ஆனால் தாண்டிய பக்கத்தில், துகளைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தன. பார்த்த இடமெல்லாம் அப்படித்தான்.

"நூரு, இங்க வந்து பாரு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "என்னைக் கூப்பிட்டீங்களா மேடம்?" என்றார். இல்லை என்றேன். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. தோற்றதில் வருத்தமில்லை. அதைச் சொல்லிச் சொல்லி என்னைச் சீண்ட நீ இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தோடு செம்பாக்கத்துக்கு, உன் வீட்டுக்குப் போனேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாம்மா இது, மழை ஊறின செவுரு மாதிரி இருக்கு?"

"எஃகோட உள்பக்கம்மா. நூரு போட்ட டெஸ்ட். இப்படித்தான் இருக்கும்னு முன்னாடியே சொன்னா."

"அவ சொன்னது சரியா?"

"சரிதாம்மா. நான் சொன்னதுதான் தப்பு."

அம்மா படத்தைத் திருப்பித் தரவில்லை. மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "அவகிட்ட சொன்னியா?" என்று கேட்டார்.

அவர் மறந்து கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா? பஸ் ஏறி சேலையூர் வந்து, பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டதும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இந்த முடிவு கட்டுரையாகும்போது உன் பெயர்தான் முதலில் இருக்கும். அதற்காகத் தலைவரோடு இன்னொரு முறை மோத வேண்டியிருந்தால் மோதுகிறேன். நாளை அதே எஃகில் அடுத்த துண்டை ஏற்றப்போகிறேன். எதிர்த்துப் பேச யாருமில்லாததால் என் முடிவுகளை அப்படியே நம்பிவிட மாட்டேன், நூரு. நீ என்ன கேட்டிருப்பாய் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்ப்பேன்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
ஸ்டெல்லா