துரையின் கறுப்புத் திட்டு

ஜனவரி 9, காலை 7.10.
நான் வீட்டை விட்டு வந்து 97 நாள். நான் எழுதிய கடிதம் ஆறு. நீ எழுதியது பூஜ்யம்.

வாத்தியாரம்மாவுக்கு,

"ஃபோன்ல என்னைப் பேசி முடிக்கவே விடமாட்டீங்க, எழுதுங்க" என்றாய். எழுதுகிறேன். பதில் போட விருப்பமில்லை என்றால் அதையாவது ஒரு வரி எழுது. இங்கேயே நிரந்தரமாகிவிடுகிறாயா என்று ஆய்வகத்தில் கேட்கிறார்கள். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

துரை ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? பூனைக்காவது என் ஞாபகம் இருக்கிறதா?

உன் அவசரக்காரன்


ஜனவரி 15

அவசரக்காரருக்கு,

நிரந்தரம் உங்கள் இஷ்டம். நான் குறுக்கே நிற்கவில்லை.

துரையைப் பற்றித்தான் கவலை. நீங்கள் போன மறுவாரம் ஏதோ ரப்பர் வாஷரை விழுங்கி, வயிற்றில் ஆபரேஷன். உங்களிடம் சொன்னால் டாக்டருக்கே பாடம் எடுப்பீர்கள் என்று சொல்லவில்லை. இப்போது நலம். ஆனால் சிரைத்த இடத்தில் முடி கறுப்பாக முளைத்திருக்கிறது. அந்தப் பால் நிறத்து உடம்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி அப்பினதுபோல. இதோடு போட்டோ வைத்திருக்கிறேன். ஏதாவது வியாதியா? ஆய்வகத்தில் ஜீனோடுதானே குடித்தனம் நடத்துகிறீர்கள், சொல்லுங்கள்.

வீட்டில் எல்லாம் சௌகரியம்.

நான்


ஜனவரி 20, காலை 6.45. 108-வது நாள்.

வாத்தியாரம்மா,

வியாதி இல்லை. கறுப்பு நிறத்துக்கான ஜீன் அவன் உடம்பு முழுக்க ஒன்றுதான். அது செய்கிற நொதி சூட்டில் படுத்துவிடும், குளிர்ந்த இடத்தில்தான் வேலை பார்க்கும். அதனால்தான் காதும் வாலும் பாதமும் மட்டும் கறுப்பு. முடி போன தோல் குளிர்ந்தால் அங்கேயும் கறுக்கும்.

ஆனால் நம் மலையூர்க் குளிரிலும், கதகதப்பான வீட்டுக்குள் இவ்வளவு கறுக்காது.

அது என்ன வாஷர் என்றும் எனக்குத் தெரியும். வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரைக் கழற்றி, திருகுகளோடு நான் கிண்ணத்தில் போட்டது. "பத்து நிமிஷத்துல மாட்டிடுவேன், வேற எவனும் தொடக்கூடாது" என்றேன். மூன்றாம் நாள், இன்னும் மாட்டவில்லையா என்று நீ கேட்டாய். கத்திவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். அச்சடித்ததுபோல எழுதுகிறவள் நீ. இந்தக் கடிதத்தில் வரிகள் கோணிக்கொண்டு போகின்றன. விரல் விறைத்துப்போய்த்தானே எழுதினாய்? இதுவா சௌகரியம்?

ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். நீ கூப்பிடவில்லை. அந்தக் கிண்ணம் நான் விட்ட இடத்திலேயேதான் இருக்கும். குளிரில் நீ காத்திருந்தது எதற்காக என்று எனக்குப் புரிய ஒரு பூனையின் வயிறு கறுக்க வேண்டியிருந்தது.

நிரந்தரம் வேண்டாமென்று ஆய்வகத்தில் சொல்லிவிட்டேன். இனி செய்யப்போவது:

1. வெள்ளிக்கிழமை முதல் பஸ்.
2. மெக்கானிக்கைக் கூப்பிடுவது. அவர் வேலை முடிக்கும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன்.
3. துரையிடம் மன்னிப்பு. கிடைப்பது சந்தேகம். வீடு சூடானால், அடுத்த தடவை முடி உதிர்ந்து முளைக்கும்போது திட்டு வெளுத்துவிடும். கூடவே இருந்து அதைப் பார்ப்பது.
4. இது எல்லாவற்றுக்கும் முன்னால், கதவைத் தட்டிவிட்டு நிற்பது. நீ திறக்கும்வரை, கடிகாரம் பார்க்காமல்.